அரங்கின் இருளும் கமராவின் நேர்மையும்

நாடகம் ஒளியில் நிகழ்கின்றது. அதனைக் காண்போர் இருளில் அமர்ந்திருக்கின்றனர். அவ்விருளிலே ஒருவன் கமராவோடு எழுந்து நிற்கின்றான். அவன் செய்யும் தொழிலில் அறஞ் சார்ந்த வினா ஏதேனும் உண்டா என்று கேட்டால், ‘வில்லையைத் திருப்பிப் பொத்தானை அழுத்துவதில் அறமென்ன, மறமென்ன?’ என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நண்பகல் வெயிலிற் படம் பிடிப்பவனுக்கு எல்லாம் கிடைக்கின்றது. அரங்கின் மங்கலொளியிற் பிடிப்பவனோ எதையேனும் ஒன்றைக் கைவிட்டே மற்றொன்றைப் பெறுகின்றான். கைவிடப்படுவது பொருளாயின் அது வெறுந் தொழில்நுட்பச் சிக்கல். கைவிடப்படுவது மனிதனாயின்?

தொழிலின் இயல்பை முதலிற் சிறிது நோக்குவோம். வாசகரிற் பலர் இதனை அறிந்திருப்பர். எனினும் பின்னர் வரும் வாதத்துக்கு இது அடித்தளமாதலிற் கூறாது விடுதற்கில்லை. ஒளி போதாத இடத்திற் படம் பிடிப்பவனுக்கு மூன்று வழிகளே உள. வில்லையின் துவாரத்தை அகலத் திறக்கலாம்; அவ்வாறு திறந்தால் ஒரு முகம் தெளிவாகும், அதன் பின்னே ஒரு முழத்தில் நிற்பவன் புகையாய்க் கரைவான். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கலாம். வினாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் அது திறந்திருப்பின் அசையாது நிற்பவன் நிலைப்பான், கையை வீசுபவன் கையிழப்பான். படச்சுருளின், அல்லது இன்றைய மின்னுணரியின், உணர்திறனை உயர்த்தலாம். 400 என்ற அளவிலிருந்து 6400 என்ற அளவுக்கு உயர்த்தினால் 16 மடங்கு குறைந்த ஒளியிலும் படம் விழும், ஆனால் உருவம் மணல் தூவியது போல மணிமணியாய்ப் பிரியும். எந்த வழியிலும் விலை கொடுத்தே ஆகவேண்டும். விலை கொடுப்பவன் படப்பிடிப்பாளனல்லன் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். படத்திலே கரைந்து போகிறவன் எவனோ அவனே அதைக் கொடுக்கின்றான்.

ஒளிமானியும் நடுநிலையான கருவியன்று. காட்சி முழுவதன் ஒளியையும் சராசரி செய்து அளக்கும் ஒளிமானி, பெரும்பகுதி கருமையான மேடையைக் கண்டதும் ‘ஒளி போதாது’ என்று மயங்கி மிகையான ஒளியைக் கேட்கும். அதன்படி நடந்தால் ஒளிவட்டத்துள் நிற்கும் தலைவனின் முகம் சுண்ணாம்பாய் வெளிறிவிடும். ஆதலிற் பயிற்சி பெற்றோர் அம்முகத்தை மட்டுமே அளந்து அதற்கேற்பக் கமராவை அமைப்பர். முகம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வட்டத்துக்கு வெளியே அரையிருளில் நிற்கும் குழுவினர் அனைவரும் கருமையுள் அமிழ்ந்து போவர். நமது கண்ணோ அந்த அரையிருளிலும் அவர்களைக் கண்டது. அவர்கள் தலையசைத்ததையும் தளர்ந்ததையும் திகைத்ததையும் கண்டது. நாடகம் முடிந்த பின்னர் எஞ்சும் சான்று படமேயாதலின், நாளடைவில் அங்கே ஒரு தலைவன் தனியே நின்று வெற்றிடத்தோடு பேசினான் என்றே வரலாறு பதிவாகின்றது. வீரர் சிலரைக் கொண்டு வரலாறு எழுதும் பழக்கத்தை நாம் பாடநூல்களில் எதிர்த்து வந்திருக்கின்றோம். அதே பழக்கம் ஒரு கருவியின் அமைப்பாக வந்து நம் கையில் அமர்ந்திருக்கும்போது அதனை அறிந்துகொள்வதில்லை.

இக்கலை வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் நடிகர் தம் வேடத்தோடு புகைப்பட நிலையத்துக்குச் சென்று, தீட்டிய திரையின் முன் அசையாது நின்று படமெடுத்துக்கொண்டனர். பின்னர் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி மேடையிலேயே எடுக்கலாயினர். ஆனால் அது ஆட்டம் நின்ற பின்னர், நடிகர் சிலைபோல் நின்று கொடுத்த படம். 1924இல் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் எர்னமான் தொழிற்சாலை ‘எர்மனொக்ஸ்’ என்னும் சிறு கமராவை வெளியிட்டது. அதன் வில்லை அக்காலத்துக்கு வியப்பூட்டும் அளவு அகலத் திறந்தது. உள்ளரங்க விளக்கொளியில், மேலதிக வெளிச்சமின்றி, நிகழ்வது நிகழ்ந்தவாறே படமெடுத்தல் அதனால் இயல்வதாயிற்று. அதே கமராவைத் தொப்பியில் மறைத்துக்கொண்டு எரிக் சாலமன் என்பார் 1928இல் பேர்லின் நீதிமன்றமொன்றிற் கொலை வழக்கு விசாரணையைப் படமெடுத்துப் புகழடைந்தார். (யூதரான அவர் 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார் என்பதை இவ்விடத்திற் கூறாது கடந்து செல்ல மனம் வரவில்லை.) 1954இல் கொடக் நிறுவனத்தின் ‘ரை-எக்ஸ்’ படச்சுருள் 35 மில்லிமீற்றர் அளவில் வந்தபின் மங்கலொளிப் படம் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் பலரின் அன்றாட வேலையாயிற்று.

சாலமன் எடுத்த வழக்குமன்றப் படத்துக்கும் அரங்கப் படத்துக்கும் இடையே அறநிலையில் ஒரு வேறுபாடு உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் முகத்தைப் பிறர் காண வேண்டுமென்று கூண்டில் ஏறவில்லை. நடிகனோ காணப்படுவதற்கென்றே மேடையேறியவன். ‘ஆகவே அவனைப் படமெடுப்பதிற் கேட்கவேண்டியது எதுவுமில்லை’ என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் பாதி தூரமே செல்லும். நடிகன் தன்னைக் காட்டுவதற்கு இசைந்தது அன்றிரவு அக்கூட்டத்துக்கு. ஒரு சைகை அதற்கு முன் வந்த சைகையாலும் பின் வரும் சைகையாலும் பொருள் பெறுகின்றது. சொல் வாயிலிருந்து பிறக்கும் நொடியில் அதன் நடுவே வெட்டினால் எந்த மனிதனின் முகமும் கோணும். அந்தக் கோணிய முகத்தை நாளைய பத்திரிகையில் வெளியிடுவதற்கு அவன் இசையவில்லை.

இதனாலேதான் பல நாட்டு அரங்குகளில் இன்றும் ஒப்பனை ஒத்திகையன்று படப்பிடிப்பாளரை அழைத்து வேலையை முடித்துவிடுகின்றனர். அது ஒழுங்கான ஏற்பாடு; நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடைஞ்சலில்லை. ஆயினும் அப்படங்களில் ஒன்று குறைவதை ஊன்றிப் பார்ப்போர் உணர்வர். வெற்று இருக்கைகளை நோக்கிப் பேசும் நடிகனின் கண் வேறு. ஐந்நூறு பேரின் மூச்சை எதிர்கொள்ளும் கண் வேறு. உண்மை வேண்டுமாயின் உண்மையான இரவில் எடுத்தல் வேண்டும். உண்மையான இரவில் எடுத்தாலோ ஷட்டரின் ஒலி மௌனத்தைக் கிழிக்கும். பிளாஷ் ஒளியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அது நடிகனின் கண்ணைக் கூசச் செய்வதோடு, பல நாள் உழைத்து விளக்குகளை அமைத்த தொழிலாளியின் வேலையை ஒரு கணத்தில் அழித்துவிட்டு, அங்கே இராத வேறொரு ஒளியைப் படத்தில் எழுதுகின்றது. பிளாஷினால் எடுத்த அரங்கப்படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது பொய்ச்சாட்சி.

இனி, இருளைப் பற்றியே ஒரு வார்த்தை. பார்வையாளர் இருளில் அமர்வது நாடகத்தின் இயற்கை விதியென்று நாம் எண்ணுகின்றோம். அவ்வாறன்று. 1876இல் பைரொய்த் நகரிலே வாக்னரின் இசைநாடக அரங்கு திறக்கப்பட்டபோது பார்வையாளர் கூடத்தை இருட்டாக்கினார்கள். 1881இல் லண்டன் சவோய் அரங்கு மின்விளக்குப் பெற்றபின், விளக்கை வேண்டியபோது அணைப்பதும் எழுப்புவதும் எளிதாயிற்று. பார்வையாளரை மறையச் செய்து, அவர்தம் அயலவரை மறக்கச் செய்து, மேடையின் மயக்கத்துள் ஆழ்த்தும் இருள் அது. பேர்டோல்ட் பிறெக்ட் இதனை எதிர்த்தார். மேடைக்கு வெண்மையான, சமமான, நிறைந்த ஒளி வேண்டுமென்று அவர் கேட்டார். விளக்குகளை மறைக்காது காட்டினார். அரையிருளிற் பார்வையாளனின் அறிவு தூங்கிவிடும் என்பது அவர் கருத்து. பிறெக்ட் நமக்கு அந்நியரல்லர். அவரது ‘கோக்கேசிய வெண்கட்டி வட்டம்’ 1967இல் ஹென்றி ஜயசேனவின் கையில் ‘ஹுணுவட்டயே கத்தாவ’ என்னும் சிங்கள நாடகமாகி இந்நாட்டின் அரங்க வரலாற்றில் நிலைபெற்றது.

அரங்கப் படத்தின் அறத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த ஒரு குழுவை நாடிச் செல்வோமாயின் பிறெக்டின் குழுவையே அடைவோம். அக்குழுவிற் கமராவை ஏந்தியவர் றூத் பேர்லாவ். டென்மார்க்கில் 1906இற் பிறந்த நடிகை, பொதுவுடைமைவாதி, தொழிலாளர் நாடகக் குழுவை நடத்தியவர். 1940களில் அமெரிக்காவிற் புகலிட வாழ்வின்போது படப்பிடிப்பைக் கற்றுக்கொண்டார். 1947இல் சாள்ஸ் லோட்டன் நடித்த ‘கலிலியோ’, 1948இற் சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் ஆடப்பட்ட ‘அந்திகனி’, 1949 ஜனவரியிற் பேர்லினில் அரங்கேறிய ‘துணிவு அன்னை’ ஆகியவற்றை அவரது கமரா தொடர்ந்தது. பின்னையதற்கு வேறு படப்பிடிப்பாளரும் துணைநின்றனர். இப்படங்களிலிருந்து ‘மாதிரி நூல்கள்’ என்பன பிறந்தன. ‘அந்திகனி’ மாதிரி 1949இல் அச்சாயிற்று. ‘துணிவு அன்னை’ மாதிரி 1958இல், பிறெக்ட் இறந்த பின்னர், வெளிவந்தது. பிறெக்டின் பெயரை அறிந்தோர் தொகை பெரிது. இப்பெண்மணியின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர் என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

மாதிரி நூலின் படங்களை முதன்முறை காண்பவர் ஏமாற்றமடைதல் கூடும். சுவரில் மாட்டத்தக்க அழகிய படங்கள் அவற்றிற் குறைவு. தூரத்திலிருந்து, மேடை முழுவதும் தெரிய, ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிறு படங்கள். யார் எங்கே நின்றார், யாரிடமிருந்து யார் விலகினார், வண்டி எப்பக்கம் திரும்பியது என்பவற்றைக் காட்டும் படங்கள். வேறோர் ஊரில் வேறொரு குழு இந்நாடகத்தை ஆடும்போது, கற்றுக்கொள்ளவும் மறுக்கவும் ஒரு பொருள் கையில் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். படம் பார்ப்பதற்கன்று, வேலை செய்வதற்கு.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ‘துணிவு அன்னை’யின் இறுதியிலே தன் மகளின் பிணத்தை அடக்கம் செய்யுமாறு அன்னை குடியானவருக்குப் பணம் கொடுக்கின்றாள். நடிகை ஹெலேன வைகல் தோற்பையிலிருந்து நாணயங்களை எடுத்தார், ஒன்றைத் திரும்பப் பையினுள் இட்டார், மிகுதியைக் கொடுத்தார். மூன்று அசைவுகள். போரை நம்பிப் பிழைத்தவள், போரிலே பிள்ளைகள் அனைவரையும் இழந்த பின்னரும், ஒரு நாணயத்தைக் கணக்குப் பார்க்கின்றாள். நாடகத்தின் பொருள் முழுவதும் அந்த இரண்டாவது அசைவிலே நிற்கின்றது. இதனை ஒரே படத்தில் எடுக்க முடியுமா? முதலசைவை எடுத்தால் வள்ளன்மை தெரியும். இரண்டாவதை மட்டும் எடுத்தால் கருமித்தனம் தெரியும். மூன்றாவதை எடுத்தால் துயரம் தெரியும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தாலன்றி அவளைத் தெரியாது. அழகிய தனிப்படம் அவளைப் பற்றி ஒரு தீர்ப்பைக் கூறிவிடும். வரிசையாக வைத்த எளிய படங்களோ அத்தீர்ப்பை நம்மிடம் விடும். பத்திரிகையாசிரியர்கள் ‘ஒரு நல்ல படம் கொடுங்கள்’ என்று கேட்கும்போதெல்லாம் இந்த நாணயம் என் நினைவுக்கு வருவதுண்டு.

1957இல் இதே நாடகம் பாரிசில் ஆடப்பட்டபோது றொஜெர் பிக் என்னும் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் பார்வையாளர் பக்கத்திலிருந்து, தொலைவில்லையைக் கொண்டு, ஏறத்தாழ நாடகம் முழுவதையும் படமெடுத்தார். அப்படங்களைப் பற்றி றோலன் பார்த் 1959இல் எழுதினார். மேடையின் ஓட்டத்தில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் நுணுக்கங்களைப் படம் நிறுத்திக் காட்டுகின்றது. ஆகவே அது நாடகத்தின் வெறும் நிழலன்று, அதன் விமரிசனம் என்பது அவர் கருத்தின் சாரம். கருத்து செழுமையானதே. ஆனால் பார்த் கூறாது விட்ட ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பிறெக்டின் மேடை வெண்ணொளி நிறைந்த மேடை. அங்கே தலைவிக்கும் படைவீரனுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் ஒளி பொதுவாகவே கிடைத்தது. ஒளியைப் பங்கிடுவதில் அரங்கே நீதி செய்துவிட்டபடியால் கமராவும் நீதி செய்ய முடிந்தது. ஒளி சமமாகப் பங்கிடப்படாத மேடையில் அதே படப்பிடிப்பாளர் என்ன செய்திருப்பார்?

நமது கூத்துக் களரிக்கு வருவோம். மட்டக்களப்பின் வட்டக்களரியிலே கூத்து இரவு முழுவதும் ஆடப்பட்டது. பந்தமும் எண்ணெய் விளக்கும், பின்னர் பெற்றோமக்ஸும், அதன்பின் மின்குமிழும் ஒளி கொடுத்தன. சுற்றிவர மக்கள் அமர்ந்திருப்பர். அவர்களும் ஒளியிலேயே இருப்பர். தாயின் மடியில் உறங்கும் குழந்தையும் அதே ஒளியிற் கிடக்கும். இங்கே முன்புறம், பின்புறம் என்பது இல்லை. கமராவுக்கோ ஒரு முன்புறம் வேண்டும். வட்டத்தில் எங்கே நின்று எடுத்தாலும் பாதி மக்களுக்கு ஆடுபவனின் முகமாக இருப்பது கமராவுக்கு முதுகாகின்றது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது கூத்துக்குப் புதிய மதிப்பும் புதிய பார்வையாளரும் கிடைத்தன. அதனைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. அம்மேடை கமராவுக்கும் வசதியாக அமைந்துவிட்டது. இதன் விளைவாக மேடைக் கூத்தின் படங்கள் மிகுதியாகவும் களரிக் கூத்தின் படங்கள் அரிதாகவும் எஞ்சுமாயின், நாளைய மாணவன் கூத்தென்றாலே ஒருபக்கம் திறந்த பெட்டிக்குள் ஆடப்பட்ட கலை என்று எண்ணுவான்.

களரியில் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் ஆடுவோரோடு ஒருமித்து நிற்பர். முடியும் மார்புப் பதக்கமும் அணிந்த மன்னன் மேலே விளக்கொளி பட்டுத் தெறிக்கும். வெற்றுடம்போடு நிற்கும் மத்தளக்காரரின் கரிய மேனி ஒளியை விழுங்கிவிடும். அளவை மன்னனின் முடிக்கேற்ப அமைத்தால் மத்தளம் தானே முழங்கியது போலாகும். இது வெறும் உவமையன்று. வர்ணப் படச்சுருளின் வரலாற்றிலேயே இவ்வநீதி எழுதப்பட்டிருக்கின்றது. படம் கழுவும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடக் நிறுவனம் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் பொறித்த ‘ஷேர்லி அட்டை’களை அனுப்பி வந்தது. அவளது தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி. கரிய தோல் இருண்டு கண்ணும் பல்லும் மாத்திரம் மின்னினால் அது தோலின் குற்றம்! பழுப்பு நிறத்தின் வேறுபாடுகள் பின்னர் ஓரளவு திருந்தியமைக்கு மரத்தளபாட வணிகரும் சொக்கிலேற்று உற்பத்தியாளரும் செய்த முறைப்பாடுகளும் காரணம் என்று அந்நிறுவனத்திற் பணியாற்றியோரே கூறியிருக்கின்றனர். மேசைக்குக் கிடைத்த நீதி மனிதருக்குத் தாமதமாக வந்தது. இன்றைய மின்னுணரிகள் இதிற் பெரிதும் முன்னேறியுள்ளன. ஆனால் அளவை எங்கே வைப்பது என்ற முடிவு இன்றும் மனிதனின் விரலிலேயே இருக்கின்றது.

அவ்விரலுக்கு வேண்டியது பெறுமதி மிக்க கருவி என்று பலர் நம்புகின்றனர். ஓரளவு உண்மை, அகன்ற துவாரமுள்ள வில்லையின் விலை ஒரு ஆசிரியரின் சம்பளத்தை எளிதில் விழுங்கும். எனினும் கூத்தை அறிந்தவன் எளிய கமராவாலும் வெல்வதைக் காணலாம். ஆட்டம் தாளத்தோடு தீர்ந்து கால் நிலைகொள்ளும் கணத்தை அவன் முன்கூட்டியே அறிவான். வீசிய கை உச்சிக்குச் சென்று திரும்புமுன் ஓர் இமைப்பொழுது அசைவற்று நிற்கும். அக்கணத்துக்கு வினாடியில் 30இல் ஒரு பங்கும் போதும். தாளக்கட்டை அறியாதவன் நூறு படம் எடுத்து ஒன்றைத் தெரிவான். ஊரிலே ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவன் பத்து எடுத்து ஆறைப் பெறுவான். மங்கலொளி இவ்வகையில் ஒரு நல்ல வாத்தியார். மக்களின் கலையைப் படிக்காதவனை அது தேர்ச்சி பெற விடுவதில்லை.

‘இவ்வளவு இடர்ப்படுவானேன்? நாடகம் நிகழ்ந்து மறைவது. மறையவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை’ என்று கூறுவோர் ஒரு சாரார். அமெரிக்க ஆய்வாளர் பெகி ஃபெலன் 1993இல் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தை மிகக் கூர்மையாக முன்வைத்தார். நிகழ்த்துகையின் உயிர் நிகழ்காலத்தில் மட்டுமே உண்டு. அதைப் பதிவு செய்தால் அது வேறொன்றாகிவிடும். பதிவுக்கு அகப்படாமையே சந்தைக்கும் அகப்படாமை என்பது அவர் நிலை. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும் விற்பனைப் பண்டமாக்கும் ஓர் உலகில், விற்கமுடியாத ஒன்று இருப்பது பெருமைதான். ஆனால் மறைதலின் அழகைப் போற்றுவதற்கும் ஒரு வசதி வேண்டும். தேசிய அரங்குகளும் ஆவணக் காப்பகங்களும் உள்ள நாட்டில் ஒரு நாடகம் மறைந்தால் அது தத்துவம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. தொடர்ந்த போரில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. பெட்டியில் இருந்த படங்களும் கூரையிற் செருகிய ஏடுகளும் போயின. ஓர் அண்ணாவியார் இறந்தால் ஒரு கூத்தே அவரோடு போய்விடும் நிலையில் உள்ள ஊரில் மறைதலைத் தத்துவமென்று சொல்ல நாக்கூசுகின்றது. எங்கள் ஆட்டம் மறைந்ததற்கு அதன் இயல்பு மாத்திரம் காரணமன்று.

ஆகவே எடுத்தல் வேண்டும். எடுப்பதற்கு இன்று கருவிக்கும் பஞ்சமில்லை. அரங்கிலே தலைகளின் மேலே கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. ஒவ்வொரு திரையும் ஒரு சிறு விளக்கு. பின்வரிசையில் இருப்பவன் மேடையைப் பார்ப்பதை விட்டு முன்வரிசைக்காரனின் திரையிலே மேடையைப் பார்க்கின்றான். இதனை அநாகரிகம் என்று கடிந்துகொள்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். எனக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுவது வேறு. 2018ஆம் ஆண்டளவிலிருந்து கைத்தொலைபேசிகளில் ‘இரவு முறை’ என்னும் ஏற்பாடு பரவியது. அது ஒரு படத்தை எடுப்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றாகத் தைத்து, மணலைத் துடைத்து, இருளை வெளிச்சமாக்கித் தருகின்றது. முகம் தெளிவு, உடை தெளிவு, பின்னே நிற்பவனும் தெரிகின்றான். முன்னர் நான் கேட்ட நீதி கிடைத்துவிட்டதல்லவா? ஆனால் அப்படத்தில் உள்ள கணம் எந்தக் கடிகாரத்திலும் நிகழ்ந்த கணமன்று. அரையிருளிலே நிறுத்தப்பட்டவனை எந்திரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது, அவனை அரையிருளிலே நிறுத்தியது நாடகத்தின் கருத்தாக இருந்ததா, அல்லது விளக்கு வாங்கப் பணமின்மையா என்ற செய்தியும் அழிந்துவிடுகின்றது. மணியாய்ப் பிரிந்த பழைய படம் ‘இங்கே ஒளி போதவில்லை’ என்றாவது ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொள்ளல் என்றதும் வைகலின் மற்றொரு காட்சி முன்னிற்கின்றது. நாடகத்தின் மூன்றாங் காட்சியில் அன்னையின் இளைய மகனைப் படையினர் பிடித்துச் சென்றுவிட்டனர். மீட்புப் பணத்துக்கு அவள் பேரம் பேசுகின்றாள்; நேரம் கடந்துவிடுகின்றது; வெளியே சுடும் ஓசை கேட்கின்றது. வைகல் தலையைப் பின்னே சாய்த்து, வாயை அகலத் திறந்து, கதறினார். ஒலி எழவில்லை. ஒலியற்ற அக்கதறல் 20ஆம் நூற்றாண்டு அரங்கின் மிகப் புகழ்பெற்ற கணங்களில் ஒன்று. அதன் புகைப்படத்தை உலகெங்கும் நூல்களிற் காணலாம். ஆனால் படத்திலே எல்லாக் கதறலும் ஒலியற்றதே. வைகல் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் படம் ஏறக்குறைய இவ்வாறே இருந்திருக்கும். அந்நடிகை அவ்விரவிற் செய்த பெருஞ்செயல் ஒலியை அடக்கியது. அதனைப் படம் காட்டவில்லை, காட்டவும் இயலாது. அடியில் எழுதிய குறிப்பே நமக்கு அதனைச் சொல்கின்றது. மாதிரி நூலிற் படத்தோடு சொல் இருந்தமை தற்செயலன்று. சொல்லின்றி விடப்பட்ட படம், அது எவ்வளவு உண்மையாக எடுக்கப்பட்டதாயினும், உண்மையின் பாதியை உண்ணும்.

அந்த மாதிரி நூலின் குறிப்பிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. வைகலின் அத்தோற்றம் ஒரு பத்திரிகைப் படத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று பிறெக்ட் எழுதியுள்ளார். சிங்கப்பூர்மீது குண்டுமாரி பொழிந்தபோது இறந்த தன் மகனின் உடலின்மேல் குனிந்திருந்த ஓர் இந்தியப் பெண்ணின் படம் அது. பல ஆண்டுகளுக்கு முன் வைகல் அதனைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டபோது அவருக்கு நினைவில்லை. 1955இல் பேர்லாவ் பதிப்பித்து வெளிவந்த பிறெக்டின் ‘போர் அரிச்சுவடி’யிலும் சிங்கப்பூரிற் புலம்பும் பெண்ணின் படமொன்று இடம்பெற்றுள்ளது.

இச்செய்தியை எண்ணுந்தோறும் நான் திகைப்பதுண்டு. ஒரு தெருவிலே ஒரு தாய் கதறினாள். அவள் உரத்துக் கதறியிருப்பாள் என்றே நான் எண்ணுகின்றேன்; குண்டு விழுந்த தெருவிற் பிள்ளையை இழந்தவள் மௌனமாக வாய் திறப்பதில்லை. கமரா அவளது உருவத்தை எடுத்துக்கொண்டு ஒலியை அங்கேயே விட்டுவிட்டது. ஒலியிழந்த அவ்வுருவம் பத்திரிகையிற் பயணம் செய்து, ஒரு நடிகையின் மறதிக்குள் அமர்ந்து, பேர்லினின் வெண்ணொளி மேடையில் மௌனக் கதறலாக எழுந்தது. அதனை மீண்டும் ஒரு கமரா எடுத்தது. உலகம் கொண்டாடும் அம்மௌனம் நடிகையின் கண்டுபிடிப்பா, முதற் கமரா பறித்துக்கொண்ட ஒலியின் தழும்பா? இதற்கு விடை கூற இன்று எவருமில்லை. வைகலின் பெயரை அறிவோம். எத்தனையாம் ஆண்டு, எந்த அரங்கு என்பதும் தெரியும். அப்பெண்ணை ‘இந்தியப் பெண்’ என்ற அளவில் அறிவோம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்நாளில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரிற் பெரும்பாலோர் எம்மொழி பேசியவர்கள் என்பதை வாசகர் அறிவர். அவள் எம்மொழியிற் புலம்பினாள் என்பதை எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

நமது நூல்களிலே கூத்துப் படங்களின் அடியில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ‘வடமோடி அரசன்’, ‘கூத்தர் ஒருவர்’, ‘காமன் கூத்து, மலையகம்’. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்; ஊரிலே எல்லோரும் பெயர் சொல்லி அழைப்பவர்; அவ்விரவு முழுவதும் தம் காலும் குரலும் தேயக் களரியில் நின்றவர். கமராக்காரரின் பெயர் மூலையிற் சிறிய எழுத்தில் இருக்கின்றது.